இரத்தம் ஏற்றும் நாளில் கூட இருப்பவர் அறிய வேண்டியவை: ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையின் எந்தப் பெரிய மருத்துவமனையிலும், வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஒருவராவது கையில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு இரத்த வங்கி எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு இரண்டு யூனிட் ஏற்ற வேண்டுமாம் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. இரத்த வங்கியின் ஜன்னலுக்கு உட்புறம் நின்று பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அந்த ஜன்னலுக்கு வெளியே நிற்பவருக்காகவே இதை எழுதுகிறேன். இரத்தப் பிரிவு பொருந்தாமல் உயிருக்கு ஆபத்து வரும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை ஆய்வகப் பரிசோதனை பிழைத்துப்போனதால் வருவதில்லை. ஒருவருடைய இரத்த மாதிரி உள்ள சோதனைக் குழாயில் இன்னொருவருடைய பெயர் எழுதப்படுவதாலும், ஒருவருக்கு வந்த பை அடுத்த கட்டிலில் தொங்கவிடப்படுவதாலும் வருகின்றன. அந்த இரண்டு இடங்களிலும் நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் நீங்கள்தான். எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் உங்களாலும் ஒரு தவறைத் தடுக்க முடியும்.

முதல் படி: பிரிவு என்பது என்ன என்று புரிந்துகொள்ளுதல்

சிவப்பணுவின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன நுண்ணிய சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு அடிப்படையாக இருப்பது ‘எச்’ எனப்படும் பொருள். அதன் நுனியில் ஒரு வகைச் சர்க்கரை கூடுதலாகச் சேர்ந்தால் அது ஏ ஆன்டிஜென் (உடலின் எதிர்ப்பாற்றல் அடையாளம் காணும் குறி) ஆகிறது. வேறொரு வகை சேர்ந்தால் பி ஆன்டிஜென் ஆகிறது. இரண்டும் இருப்பவர் ஏபி பிரிவு. எதுவும் சேராமல் எச் மட்டும் அப்படியே இருப்பவர் ஓ பிரிவு. வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் வெளியிட்ட ஆய்வுதான் இதற்குத் தொடக்கம். அதற்காக 1930-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது; அவர் பிறந்த ஜூன் 14-ஆம் நாளே உலக இரத்த தான நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

சிக்கலுக்குக் காரணம் ஆன்டிஜென் மட்டும் அன்று. தன்னிடம் இல்லாத ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டிபாடி (அதைத் தாக்கும் புரதம்), வெளி இரத்தம் ஒரு துளிகூட உடலுக்குள் வராத நிலையிலும், குழந்தை பிறந்த சில மாதங்களுக்குள் தானாகவே பிளாஸ்மா எனப்படும் இரத்தத்தின் நீர்ப்பகுதியில் உருவாகிவிடுகிறது. ஏ பிரிவினரிடம் பி-க்கு எதிரானது இருக்கும். பி பிரிவினரிடம் ஏ-க்கு எதிரானது இருக்கும். ஓ பிரிவினரிடம் இரண்டும் இருக்கும். ஏபி பிரிவினரிடம் இரண்டும் இரா. பி பிரிவு நோயாளிக்கு ஏ பிரிவுச் சிவப்பணுவை ஏற்றினால், ஏற்கெனவே ஆயத்தமாக நிற்கும் ஆன்டிபாடிகள் அந்த அணுக்களை இரத்தக் குழாய்களுக்குள்ளேயே உடைத்துவிடும். சிறுநீரகம் செயலிழக்கும், இரத்த அழுத்தம் சரியும், உறையும் தன்மை குலையும். இதற்கு முழுப் பை தேவையில்லை. சில மில்லிலிட்டர்கள் உள்ளே சென்றாலே இது தொடங்கிவிடலாம்.

ஓ பிரிவினர் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று பள்ளியில் படித்ததை நாம் மறப்பதில்லை. ஆனால் அது சிவப்பணுவுக்கு மட்டுமே பொருந்தும் விதி. பிளாஸ்மா ஏற்றும்போது கணக்கு தலைகீழாகிவிடும்: ஓ பிரிவின் பிளாஸ்மாவில் இரண்டு ஆன்டிபாடிகளும் இருப்பதால் அதை ஓ பிரிவினருக்கு மட்டுமே தரலாம், ஏபி பிரிவின் பிளாஸ்மாவை யாருக்கும் தரலாம். இரத்த வங்கியில் நோயாளியின் பிரிவிலிருந்து மாறுபட்ட பை கொடுத்தால் பலர் பதறிப்போய்த் திருப்பிக் கொடுக்க வருவார்கள். அவ்வாறு கேட்பது சரியே. ஆனால் ஏபி நோயாளிக்கு ஏ அல்லது பி சிவப்பணு கொடுப்பதும், கையிருப்பு இல்லாத வேளையில் வேறு பிரிவினருக்கு ஓ சிவப்பணு கொடுப்பதும் மருத்துவ விதிக்கு உட்பட்டவையே.

அடுத்தது ஆர்எச் எனப்படும் இன்னொரு பிரிவு முறை. இதிலுள்ள பல ஆன்டிஜென்களில் ‘டி’ இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ் என்கிறோம். நம் நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேரே நெகட்டிவ். ஏ, பி போலன்றி, டி-க்கு எதிரான ஆன்டிபாடி தானாக உருவாவதில்லை. பாசிட்டிவ் இரத்தம் உடலுக்குள் சென்ற பிறகே உருவாகும். பெண்களுக்கு இது மிக முக்கியமாவது அதனால்தான். நெகட்டிவ் தாயின் கருவில் பாசிட்டிவ் குழந்தை இருந்தால், பிரசவத்தின்போது குழந்தையின் சிவப்பணுக்கள் தாயின் இரத்தத்தில் கலக்கக்கூடும். முதல் குழந்தை பெரும்பாலும் பாதிக்கப்படாது. ஆனால் அப்போது உருவான ஆன்டிபாடி, அடுத்த கருவில் இருக்கும் குழந்தையின் சிவப்பணுக்களை நஞ்சுக்கொடி வழியாகச் சென்று அழிக்கும். இதைத் தடுப்பதற்கு ஆன்டி-டி ஊசி இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும்; கர்ப்பத்தின் 28-ஆம் வாரத்திலும் போடுவது நல்லது. கருச்சிதைவுக்குப் பிறகும் இது தேவைப்படலாம் என்பதைப் பல குடும்பங்கள் அறிவதில்லை. கருவே கலைந்துவிட்ட துயரத்தில் ஊசியைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. அடுத்த குழந்தை அதன் விலையைக் கொடுக்கிறது. வீட்டில் நெகட்டிவ் பெண் இருந்தால் இந்த ஒரு பத்தியையாவது அவரிடம் காட்டுங்கள்.

பம்பாய் பிரிவைப் பற்றியும் ஒரு சொல். 1952-இல் பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த இந்தப் பிரிவினரிடம் அடிப்படையான எச் பொருளே இருப்பதில்லை. மேலோட்டமான சோதனையில் இவர்கள் ஓ போலவே தெரிவார்கள். ஆனால் ஓ இரத்தமும் இவர்களுக்குப் பொருந்தாது, இன்னொரு பம்பாய் பிரிவினரின் இரத்தம் மட்டுமே பொருந்தும். இவர்களை அடையாளம் காட்டித் தருவது, பின்னால் சொல்லப்போகும் தலைகீழ்ச் சோதனையும் கிராஸ் மேட்ச்சும்தான்.

இரண்டாம் படி: இரத்தம் தேவைதானா என்று கேட்டல்

இது மருத்துவரின் தீர்மானம்; ஆனால் கேட்பது உங்கள் உரிமை. விபத்தில் இரத்தம் கொட்டுகிறது, பிரசவத்தில் பெருக்கு நிற்கவில்லை என்றால் கேள்விக்கே இடமில்லை. நிலையாக இருக்கும் நோயாளிக்கு, பொதுவாக ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராமுக்குக் கீழே போனால்தான் ஏற்றுவதைப் பற்றி யோசிப்பார்கள். இதய நோய் இருந்தால் 8 கிராம் அளவிலேயே யோசிப்பதுண்டு. ஒரு யூனிட் சிவப்பணு ஒரு பெரியவருக்கு ஏறத்தாழ 1 கிராம் ஹீமோகுளோபினைக் கூட்டும். ஆகவே 9 கிராம் உள்ளவருக்கு உடம்பு தெம்பாக இருக்கட்டும் என்று ஒரு பாட்டில் ஏற்றச் சொல்லிக் குடும்பத்தார் வற்புறுத்துவது சரியன்று. இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகைக்கு மாத்திரை போதாவிட்டால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஊசி போடலாம். கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளிலும் இது போடப்படுகிறது.

மழைக்காலம் முடிந்து டெங்கு பரவும் வாரங்களில், தட்டணு (பிளேட்லெட்) கேட்டு இந்த நகரம் முழுவதும் வாட்ஸ்அப் செய்திகள் பறக்கும். எண்ணிக்கை 50,000 என்று தாளில் பார்த்தவுடன் குடும்பம் நிலைகுலைந்துபோகிறது. உண்மையில், இரத்தக் கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு அந்த அளவில் தட்டணு ஏற்றத் தேவையில்லை; எண்ணிக்கை 10,000-க்குக் கீழே இறங்கினாலோ, கசிவு தெரிந்தாலோதான் மருத்துவர்கள் அதைப் பரிசீலிப்பார்கள். டெங்குவில் உயிரைக் காப்பது பெரும்பாலும் சரியான அளவில், சரியான நேரத்தில் கொடுக்கப்படும் திரவமே.

ஏற்றுவது என்று முடிவானால், எந்தக் கூறு (சிவப்பணுவா, பிளாஸ்மாவா, தட்டணுவா), எத்தனை யூனிட், எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுங்கள். முன்பு எப்போதாவது இரத்தம் ஏற்றியதுண்டா, அப்போது குளிர் நடுக்கமோ அரிப்போ வந்ததா, எத்தனை பிரசவம், ஏதேனும் கருச்சிதைவு நேர்ந்ததா என்பவற்றை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். முந்தைய இரத்தமும் முந்தைய கர்ப்பமும் புதிய ஆன்டிபாடிகளை உருவாக்கியிருக்கக்கூடும் என்பதால் இந்த விவரம் ஆய்வகத்துக்கு மிகவும் பயன்படும்.

மூன்றாம் படி: மாதிரி எடுக்கும்போது பக்கத்தில் நிற்றல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

நம் ஊர்ப் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். ஒரே வார்டில் இரண்டு லட்சுமிகளும் மூன்று முருகன்களும் இருப்பது அன்றாடக் காட்சி. அதிலும் திருமணமான பெண்ணுக்கு ஆதாரில் கணவரின் இனிஷியல், பழைய சான்றிதழில் தந்தையின் இனிஷியல். பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ஓர் எழுத்தைக் கூட்டுவார், இன்னொருவர் குறைப்பார். பெயரை மட்டும் நம்பி இரத்தம் ஏற்றக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. பெயர், வயது, பாலினம் ஆகியவற்றோடு ஐ.பி. எண் என்று சொல்லப்படும் உள்நோயாளி எண்தான் உண்மையான அடையாளம். சேர்க்கை நாளிலேயே அந்த எண்ணை உங்கள் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓர் இரவு எங்களுக்கு ஒரு குழாய் வந்தது. பெயரும் எண்ணும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன, படிவத்தோடும் பொருந்தின. பிரிவு பார்த்தால் ஓ பாசிட்டிவ். பழைய பதிவேட்டில் அதே எண்ணில், நான்கு நாள்களுக்கு முன் பி பாசிட்டிவ் என்று இருந்தது. ஒருவருடைய பிரிவு நான்கு நாளில் மாறாது. புதிய மாதிரி வேண்டும் என்று சொன்னபோது, ஜன்னலுக்கு வெளியே நின்ற மகனுக்குக் கோபம் வந்தது. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, நீங்கள் இழுத்தடிக்கிறீர்கள் என்றார். புதிய மாதிரி பி பாசிட்டிவ் ஆகவே வந்தது. இரண்டு நோயாளிகளிடம் அடுத்தடுத்து இரத்தம் எடுத்து, இரு குழாய்களையும் மேசைக்குக் கொண்டுபோய் அங்கே வைத்துப் பெயர் எழுதியிருக்கிறார்கள். எழுதும்போது இரண்டும் இடம் மாறிவிட்டன. ஒரு பழைய பதிவு இருந்ததால் மட்டுமே அது பிடிபட்டது. அதைப் பார்த்த பிறகு, ஒரு மாதிரியை மட்டும் வைத்து அமைதியாக இருக்க என்னால் முடிந்ததில்லை.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். இரத்தம் எடுப்பவர், எடுப்பதற்கு முன், உங்கள் பெயர் லட்சுமிதானே என்று கேட்காமல், உங்கள் பெயர் என்ன என்று கேட்க வேண்டும். காது மந்தமான பெரியவர், உள்ளே வந்தவர் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவார். பதிலை, நோயாளியின் மணிக்கட்டில் பெயரும் எண்ணும் எழுதிக் கட்டியிருக்கும் கைப்பட்டையோடு ஒப்பிட வேண்டும். எடுத்த உடனே, கட்டிலின் பக்கத்திலேயே, குழாயில் பெயரையும் எண்ணையும் நாளையும் நேரத்தையும் எழுத வேண்டும். முன்கூட்டியே பெயர் எழுதிவைத்த வெறுங்குழாயும் கூடாது. நோயாளி மயக்கத்தில் இருந்தால் அவருக்காகப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வேறு இடத்துக்கு எடுத்துப்போய் எழுதப் பார்த்தால், “சிஸ்டர், இங்கேயே எழுதிவிடுங்கள், நான் எண்ணைப் படித்துக் காட்டுகிறேன்” என்று மரியாதையோடு சொல்லலாம். நல்ல செவிலியர் யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நான்காம் படி: ஆய்வகத்தில் ஆகும் நேரத்தைப் பொறுத்தல்

இரத்தம் அலமாரியில் இருக்கும்போது ஏன் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, உள்ளே நடப்பதைச் சொன்னால் விடை கிடைக்கும். பிரிவு பார்க்கும் மருந்துகளில் ஏ-க்கு எதிரானது நீல நிறத்திலும், பி-க்கு எதிரானது மஞ்சள் நிறத்திலும் இருக்கும். டி-க்கு எதிரானதற்குப் பெரும்பாலும் நிறமில்லை. வெள்ளை ஓட்டில் மூன்று சொட்டுகளை வைத்து ஒவ்வொன்றோடும் நோயாளியின் இரத்தத்தைக் கலந்து மெல்ல அசைத்தால், அந்த ஆன்டிஜென் இருக்கும் இடத்தில் ஒரே சீராக இருந்த சிவப்பு, சில நொடிகளில் ஈர ரவை போலத் திரண்டு பிரியும். அது இல்லாத இடத்தில் பால் போல வழவழப்பாகவே இருக்கும். முகாமிலும் கல்லூரியிலும் பார்க்கும் பிரிவுச் சோதனை இதோடு முடிந்துவிடுகிறது. இரத்த வங்கியில் இது தொடக்கம் மட்டுமே. இங்கே சோதனைக் குழாயிலோ ஜெல் அட்டையிலோ மீண்டும் பார்ப்பார்கள். அதன்பின் நோயாளியின் பிளாஸ்மாவை எடுத்து, தெரிந்த ஏ அணுக்களோடும் பி அணுக்களோடும் ஓ அணுக்களோடும் சேர்த்துத் தலைகீழாகவும் சோதிப்பார்கள். இரண்டு விடைகளும் ஒன்றையொன்று உறுதிசெய்ய வேண்டும். முரண்பட்டால் காரணம் தெரியும்வரை பிரிவை எழுத மாட்டார்கள்.

ஏ, பி, ஓ, ஆர்எச் ஆகியவற்றைத் தாண்டி நாற்பதுக்கும் மேற்பட்ட இரத்தப் பிரிவு முறைகள் இருக்கின்றன. கெல், டஃபி, கிட் போன்றவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகள் பல முறை இரத்தம் ஏற்றியவர்களிடமும் பல பிரசவம் கண்டவர்களிடமும் இருக்கலாம். அதற்காகவே கிராஸ் மேட்ச் செய்கிறார்கள்: கொடுக்கப்போகும் அதே பையின் சிவப்பணுவோடு நோயாளியின் பிளாஸ்மாவைக் கலந்து, உடல் வெப்பமான 37 டிகிரியில் வைத்து, அணுக்களில் ஒட்டிய ஆன்டிபாடியைக் காட்டித் தரும் கூம்ஸ் மருந்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். உடலுக்குள் நடக்கப்போவதை முன்கூட்டியே கண்ணாடிக்குள் நடத்திப் பார்க்கும் ஒத்திகை இது. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஒரு பை பொருந்தவில்லை என்றால் வேறு பையோடு மீண்டும் தொடங்க வேண்டும். கடந்த மூன்று மாதங்களில் இரத்தம் ஏற்றியவருக்கும் கர்ப்பிணிக்கும், எடுத்து மூன்று நாள் தாண்டிய பழைய மாதிரி போதாது. மறுபடியும் ஊசியா என்று வருந்த வேண்டாம், அதற்குத் தக்க காரணம் இருக்கிறது. உயிர் நிமிடங்களில் ஊசலாடும் அவசரத்தில் மட்டும், மருத்துவர் எழுத்தில் கேட்டால், கிராஸ் மேட்ச் முடியும் முன்பே ஓ பிரிவுச் சிவப்பணுவைத் தருவார்கள்.

ஐந்தாம் படி: கொடையாளர்களை அழைத்து வருதல்

இரண்டு டோனர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கேட்டால், முதலில் அறிய வேண்டியது, அவர்கள் நோயாளியின் அதே பிரிவினராக இருக்க வேண்டியதில்லை என்பது. அவர்கள் கொடுக்கும் இரத்தம் பெரும்பாலும் உங்கள் நோயாளிக்குச் செல்வதில்லை. கையிருப்பில் குறைந்ததை ஈடுசெய்கிறது. அன்று எடுத்த இரத்தத்தை எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதித்த பிறகே யாருக்கும் தரலாம்.

இந்தச் சோதனைகளின் வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் இங்கே சேகரித்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது, சோதனை வேலூரில் நடந்தது. பணத்துக்கு இரத்தம் விற்பவர்களை நம்பியிருந்த காலம் அது. உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பின் விளைவாக, 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் அது தடை செய்யப்பட்டது. இப்போது இரத்தத்துக்கு விலை இல்லை. பை, பரிசோதனை, பாதுகாப்பு ஆகியவற்றுக்கான கட்டணம் மட்டுமே வாங்கலாம். மருத்துவமனை வாசலில் யாராவது பணத்துக்கு டோனர் ஏற்பாடு செய்கிறேன் என்று அணுகினால் ஒதுக்கிவிடுங்கள். பணத்துக்காக வருபவர் தன் நோயை மறைப்பார். தொற்று ஏற்பட்ட தொடக்க நாள்களில் எந்தச் சோதனையிலும் அது தெரியாமல் போகக்கூடும். அந்த நாள்களில் நம்மைக் காப்பது கொடையாளரின் உண்மையான பதில் மட்டுமே.

கொடையாளருக்கு 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, 12.5 கிராம் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும். முதன்முறை கொடுப்பவர் 60 வயதைத் தாண்டியிருக்கக்கூடாது. 45 கிலோ உள்ளவரிடம் 350 மில்லிலிட்டர் எடுப்பார்கள்; 55 கிலோவுக்கு மேற்பட்டவரிடம் 450 மில்லிலிட்டர் எடுக்கலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். கடந்த ஓராண்டுக்குள் பச்சை குத்தியிருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். வெறும் வயிற்றோடு அழைத்து வராதீர்கள். இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். மகனோ சகோதரரோ தன் இரத்தத்தையே நேராக ஏற்ற வேண்டும் என்று விரும்புவது பாசம்தான். ஆனால் நெருங்கிய இரத்த உறவினரின் வெள்ளணுக்கள் நோயாளியின் உடலில் தங்கி அவரையே தாக்கும் அரிய, கொடிய நோய்க்கு வாய்ப்பு உண்டு. அந்த இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் கொடுக்கக்கூடாது.

ஆறாம் படி: பையை வார்டுக்குக் கொண்டு செல்லுதல்

ஒரு கொடையாளரின் இரத்தம் இன்று பெரும்பாலும் அப்படியே ஏற்றப்படுவதில்லை; சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரிக்கப்படுகிறது. சிவப்பணு 2 முதல் 6 டிகிரியில், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் இருக்கும். பிளாஸ்மா உறைநிலையில் ஓராண்டு இருக்கும். தட்டணு மட்டும் 20 முதல் 24 டிகிரியில், இடைவிடாது அசைந்துகொண்டே, ஐந்து நாள்தான் தாங்கும். வேறு மருத்துவமனையிலிருந்து பையை எடுத்து வர வேண்டியிருந்தால் இந்த வேறுபாடு முக்கியம்: சிவப்பணுவைக் குளிர்ப்பெட்டியில் கொண்டுவர வேண்டும், பனிக்கட்டி பையை நேரடியாகத் தொடக்கூடாது, தட்டணுவைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாலே கெட்டுவிடும். அண்ணா சாலை நெரிசலில் சிக்கிக்கொள்ளும் நேரத்தையும் கணக்கில் வைத்து, வார்டில் எல்லாம் ஆயத்தமான பிறகே பையை வாங்கப் புறப்படுங்கள். பையை வெந்நீரில் போடுவதும், வெயிலில் வைப்பதும், குளிர் போகட்டும் என்று அக்குளில் இடுக்கிக்கொள்வதும் சிவப்பணுக்களை உடைக்கலாம், கிருமி பெருகவும் இடம் தரலாம். எவ்வளவு அன்போடு செய்தாலும் செய்யக்கூடாதவை இவை.

ஏழாம் படி: கட்டிலின் பக்கத்தில் கடைசி ஒப்பீடு

தவறைப் பிடிப்பதற்கான கடைசி வாய்ப்பு இதுதான். பையில் கட்டியிருக்கும் சீட்டு, கிராஸ் மேட்ச் அறிக்கை, கைப்பட்டை ஆகிய மூன்றிலும் பெயரும் ஐ.பி. எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்; பையின் எண்ணும் அறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்; பிரிவையும் காலாவதி நாளையும் பார்க்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியே சரிபார்ப்பதே முறை. நீங்களும் எண்ணைச் சத்தமாகப் படியுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஏற்றத் தொடங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆய்வகத்துக்குப் போய் வரும் அரை மணி நேரம் வீணாகாது. பையில் கசிவோ, உறைகட்டியோ, ஊதா கலந்த கருநிறமோ தெரிந்தாலும் அப்படியே.

குளிர்பதனத்திலிருந்து எடுத்த அரை மணி நேரத்துக்குள் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வடிகட்டி உள்ள தனிக் குழாய் வழியாகவே ஏற்ற வேண்டும். அதே வழியில் சாதாரண உப்புநீரைத் தவிர குளுக்கோஸையோ வேறு மருந்தையோ செலுத்தக்கூடாது. தொடங்கும் முன் உடல் வெப்பம், நாடி, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறிப்பார்கள். 15 நிமிடம் கழித்து மறுபடியும் குறிக்க வேண்டும். அந்த முதல் 15 நிமிடமும் இரத்தம் மெதுவாகச் சொட்ட வேண்டும், யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேநீர் குடிக்கக் கீழே இறங்குவதற்கு உரிய நேரம் அதுவன்று.

எட்டாம் படி: எதிர்விளைவை அடையாளம் காணுதல்

குளிர் நடுக்கம், காய்ச்சல், இடுப்பிலோ முதுகிலோ வலி, ஊசி போட்ட நரம்பு வழியே எரிச்சல், மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, சிறுநீர் தேநீர் நிறத்தில் போதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே செவிலியரை அழையுங்கள். காரணம் கூற முடியாமல், எனக்கு என்னவோ செய்கிறது, உள்ளே ஏதோ பயமாக இருக்கிறது என்று நோயாளி சொல்வதையும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பொருந்தாத இரத்தம் ஏறத் தொடங்கும்போது பலர் அப்படித்தான் சொல்வார்கள். மயக்க மருந்தின் பிடியில் இருப்பவரால் எதையும் சொல்ல முடியாது. அவரிடம் தெரிவது இரத்த அழுத்தம் சரிவதும், காயத்திலிருந்து கசிவு பெருகுவதும், சிறுநீர் கருப்பதும் மட்டுமே.

அப்போது செவிலியர்கள் செய்ய வேண்டியது, ஏற்றுவதை நிறுத்துவது, ஊசியைப் பிடுங்காமல் உப்புநீரால் நரம்பு வழியைத் திறந்துவைப்பது, மருத்துவரை அழைப்பது, பெயரையும் எண்ணையும் திரும்ப ஒப்பிடுவது. மீதி இரத்தம் உள்ள பையையும் குழாயையும் தூக்கி எறியாமல், புதிய இரத்த மாதிரியோடு இரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலும் காரணம் எளியதாகவே இருக்கும்: வெள்ளணுக்களால் வரும் காய்ச்சல், புரதத்தால் வரும் அரிப்பு. ஆனால் தொடக்கத்தில் எளியதும் கொடியதும் ஒன்றுபோலவே தோன்றும்; பிரித்தறிவது ஆய்வகத்தால்தான் முடியும். வயதானவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் வேகமாக ஏற்றினால் திரவம் மிகுந்து நுரையீரலில் நீர் கோக்கலாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் தேவலை என்று அவர் சொன்னால் தாமதிக்காமல் தெரிவியுங்கள்.

ஒன்பதாம் படி: வீடு திரும்பிய பிறகு

சிலருக்கு ஐந்து முதல் பதினான்கு நாள் கழித்து மஞ்சள் காமாலையும், காய்ச்சலும், ஏறிய ஹீமோகுளோபின் மீண்டும் இறங்குவதும் நேரலாம். முன்பு உருவாகி, சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்திருந்த ஓர் ஆன்டிபாடி மீண்டும் பெருகியதே காரணமாக இருக்கலாம். அப்போது செல்லும் மருத்துவரிடம், இன்ன தேதியில் இரத்தம் ஏற்றினோம் என்பதை முதலில் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் எந்தக் கூறு, எத்தனை யூனிட், பை எண்கள், ஏதேனும் எதிர்விளைவு வந்ததா என்பவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கிளம்பும் முன் எழுதி வாங்குங்கள். ஆய்வகம் ஏதேனும் ஆன்டிபாடியைக் கண்டுபிடித்திருந்தால், அந்தப் பெயரைத் தனிச் சீட்டில் எழுதி நோயாளியின் ஆதார் அட்டையோடு வைத்துவிடுங்கள். பிறகு அவர் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், மாதிரிக் குழாயோடு அந்தச் சீட்டின் நகலும் இரத்த வங்கிக்குப் போகட்டும்.